கல்லில் மூன்று மொழி, கடதாசியில் ஒரு மொழி

(உலகத் தாய்மொழி தினத்தையொட்டி எமது சங்கத்தின் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சில வாரங்களுக்கு முன்னர் தரம் 7 வரலாற்றுப் பாடத்தில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "டீச்சர், மற்ற எல்லாரும் இந்த நாட்டு ஆட்கள். நாங்க மட்டுந்தானே வெளியில இருந்து வந்தோம்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு யாரும் இதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ்ஸிலும் கடையிலும் அரசாங்கக் கந்தோர் வாசலிலும் கேட்டுக் கேட்டு அவளாகவே படித்துக்கொண்ட பாடம் அது. சரியாக அந்த நேரத்தில் மணி அடித்தது. ஆசிரியர்களாகிய நாங்கள் அன்றைக்குத் தப்பித்துக்கொண்டோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. இது அந்தப் பிள்ளை ஒருத்தியின் கேள்வி மட்டுமல்ல, இங்கே உட்கார்ந்திருக்கிற பலருடைய மனதிலும் கிடக்கிற கேள்வி. அதனால்தான் இன்று அதையே பேச எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறோம். கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். 1911 ஆம் ஆண்டு காலி நகரத்தில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த கல்லை ஓர் பொறியியலாளர் கண்டெடுத்தார். திருப்பிப் பார்த்தால் அதிலே எழுத்து. ஒரு பக்கம் சீனம், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பாரசீகம். சீனத்து மாலுமித் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409 ஆம் ஆண்டு என்று அதில் பொறித்திருக்கிறது. சீனத்தில் எழுதியிருப்பது புத்த பெருமானுக்குக் கொடுத்த காணிக்கை. தமிழில் எழுதியிருப்பது தென் கரையில் தேவந்துறையிலே கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கை. பாரசீகத்தில் எழுதியிருப்பது அல்லாஹ்வின் பெயரால் கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். அறுநூறு வருடங்களுக்கு முன்னால் தூரதேசத்திலிருந்து ஒருவன் இந்தத் தீவுக்கு வரப் புறப்படும்போது, அங்கே ஒரு மொழி போதாது, மூன்று மொழியில் எழுதிக்கொண்டு போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்திருக்கிறான். பிற்காலத்தில் வந்தவர்கள் அந்தக் கல்லைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலே வண்டி ஓட்டினார்கள். நம் நாட்டின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இந்தத் தீவில் யார் யார் வெளியிலிருந்து வந்தார்கள்? மகாவம்சத்தையே எடுத்துக்கொள்வோம். விஜயன் எழுநூறு பேரோடு கப்பலில் வந்து இறங்கினான் என்றும், அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் மதுரையிலிருந்து பெண் கொண்டுவந்தார்கள் என்றும், கூடவே கைத்தொழிலாளர் குடும்பங்களும் வந்தன என்றும் அந்த நூலே சொல்கிறது. அந்த நூல் எழுதப்பட்ட பாளி மொழியும் கடல் கடந்து வந்த மொழிதான். சிங்களம் வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் தென்னிந்தியக் குடும்பம். இரண்டும் இங்கே வந்து, இங்கேயே வளர்ந்து, ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிக்கொண்டவை. அவர்களுக்கெல்லாம் முன்னால் காட்டில் வாழ்ந்தவர்கள் வேடர்கள். அவர்களுடைய மொழிதான் இன்று கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எத்தனையோ பேர். கடைசியாகக் கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்து அரசர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த, தெலுங்கு பேசிய குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். 1739 முதல் 1815 வரை அவர்கள்தான் கண்டி ராச்சியத்தின் ராஜாக்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாப் பக்கத்துத் தீவுகளிலிருந்து போர்வீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்கள்தான் மலாய் மக்கள். 1869 இலேயே அவர்கள் கொழும்பில் மலாய் மொழியில் பத்திரிகை நடத்தினார்கள். மட்டக்களப்பிலே பறங்கியர் சில குடும்பங்கள் இன்னும் போர்த்துக்கேயம் கலந்த மொழி பேசுகிறார்கள். புத்தளம் பக்கம் சிறாம்பியடியில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அந்த மொழியில் பாட்டுப் பாடுகிறார்கள். முஸ்லிம் மக்கள் தமிழை வீட்டு மொழியாக்கி, அதையே அரபு எழுத்தில் எழுதி, அரபுத் தமிழ் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். நீர்கொழும்புக் கடற்கரைக்குப் போனால் சிங்கள மீனவர் என்று பதியப்பட்டவர்கள் வீட்டிலே தமிழ் பேசுவதைக் கேட்கலாம். பாம்பாட்டிகளான அஹிகுண்டிக மக்கள் தம்புத்தேகமப் பக்கம் இன்றும் தெலுங்கு பேசுகிறார்கள்.

இதெல்லாம் எங்கேயோ இருக்கிற விசயம் என்று நினைக்க வேண்டாம். நம் வாயிலேயே இருக்கிறது. நாம் தினமும் "கந்தோர்" என்கிறோமே, அது ஒல்லாந்தர் விட்டுப் போன சொல். லயத்து முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற "இஸ்தோப்பு" அதுவும் ஒல்லாந்தச் சொல்தான். காலையில் தேத்தண்ணியோடு சாப்பிடுகிற "பாண்" போர்த்துக்கேயம். அலமாரி, சப்பாத்து, கதிரை, மேசை எல்லாம் போர்த்துக்கேயம். "பிரட்டு" இங்கிலிஷ்காரனின் பரேட். சிங்கள மக்கள் வாயில் இருக்கிற கடே, முதலாளி, கூலி, இலக்கம, பாலம எல்லாம் தமிழிலிருந்து போனவை. யாரும் இந்தச் சொற்களிடம் "நீ எப்போது வந்தாய், உன் பத்திரத்தைக் காட்டு" என்று கேட்டதில்லை. மனிதர்களிடம்தான் கேட்டார்கள். அதிலும் நம்மிடம்தான் அதிகமாகக் கேட்டார்கள்.

இனி நாம் வந்த கதை. 1820களில் கம்பளை சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் திறந்தார். அங்கிருந்து தொடங்குகிறது நம் கணக்கு. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 1869 இல் கோப்பிச் செடியில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே, 1867 இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஆட்கள் நம்மவர்கள்தான். 2023 இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி போனார்களே, நம் கிளையிலிருந்தும் சிலர் அதில் நடந்தார்கள். கால் வீங்கித் திரும்பி வந்தவர்கள், "இந்த ரோட்டு இருந்தே இப்படி, ரோட்டே இல்லாம எப்படி நடந்தாங்க" என்று சொன்னார்கள்.

அந்த நாளிலிருந்து நம் வாழ்க்கையைத் தீர்மானித்தது கடதாசிதான். நம்மால் வாசிக்க முடியாத கடதாசி. முதலில் வந்தது "துண்டு". கடன் தீர்ந்தது என்று தோட்டத்துக்காரர் துண்டு எழுதிக் கொடுத்தால்தான் ஓர் ஆள் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921 இல்தான் அந்த முறை ஒழிந்தது. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்து நம்மில் பலருக்கும் வாக்குக் கிடைத்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். அடுத்த வருடமே, 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பத்திரம் எழுதினார்கள்? 1949 சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போட்டோம். ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 975,000 பேரை இரண்டு அரசாங்கங்களும் கொழுந்து நிறுப்பது போல் நிறுத்துப் பங்கிட்டார்கள். 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், மிச்சம் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு ஆனார்கள். கண்டி ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுததை நேரில் கண்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற பெயர் நம்மை விட்டுப் போனது.

இதற்கு நடுவில் 1956. சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்று சட்டம் வந்தது. இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். தாய்மொழி தினம் பெப்ரவரி 21 இல் வருவது ஏன்? கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய பங்களாதேசத்தில், உருது மட்டும் போதும் என்று சொன்ன அரசை எதிர்த்து, வங்காள மொழிக்காக 1952 பெப்ரவரி 21 ஆம் திகதி டாக்கா மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பொலிஸ் சுட்டது. நான்கு வருடங்கள் கழித்து 1956 இல், பாகிஸ்தானின் அரசியலமைப்பு வங்காளத்தையும் அரச மொழியாக ஏற்றுக்கொண்டது. அதே 1956 இல் நம் நாடு ஒரு மொழி மட்டும் போதும் என்றது. அதற்குப் பிறகு இந்த நாடு கொடுத்த விலையை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 58, 77, 83 என்று வருடங்களைச் சொன்னாலே இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும்.

1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்றானது. 1988 இல் 16 ஆவது திருத்தம் வந்தது. 1999 இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் 12 பிரதேச செயலகப் பிரிவுகளில் சிங்களமும் தமிழும் நிருவாக மொழி என்று வர்த்தமானி வந்தது. தாய்மொழி தினத்தை யுனெஸ்கோ பிரகடனம் செய்ததும் அதே 1999 இல்தான்.

சட்டம் வந்தது சரி. நம் கைக்கு வந்ததா? நம் மாதர் சங்கத்துத் தாய் ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பெயரும் இடமும் வேண்டாம். அவர் அனுமதி தந்துதான் சொல்கிறோம். முப்பத்து மூன்று வருடம் கொழுந்து பறித்தவர். ஐம்பது வயதில் ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தார். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பெயர். மூன்றும் அவர்தான். ஆனால் கடதாசிக்கு மூன்று ஆட்கள்.

இது எப்படி நடக்கிறது? "பாக்கியம்" என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழில் ஒரே ஒரு "ப"தான். "பணம்" என்பதற்கும் அதே எழுத்து, "பஸ்" என்பதற்கும் அதே எழுத்து. சிங்களத்திலும் இங்கிலிஷிலும் அந்த இரண்டு ஒலிக்கும் வேறு வேறு எழுத்து. அம்மா வாயால் சொல்கிறார். ஓர் உத்தியோகத்தர் "பணம்" எழுத்தில் எழுதுகிறார், இன்னொருவர் "பஸ்" எழுத்தில் எழுதுகிறார். "க்"கை ஒருவர் அழுத்துகிறார், ஒருவர் விட்டுவிடுகிறார். பெயரைத் தமிழிலே எழுதி வாங்கி, பக்கத்தில் தமிழிலேயே வைத்துக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. அடையாள அட்டைப் படிவத்தை யாரோ சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்தார்களாம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அந்தத் தாய் கையெழுத்து வைத்தாராம். அவர் படிக்காதவர் அல்ல. தமிழில் அழகாக வாசிப்பார், எழுதுவார். ஆனால் அந்தக் கதிரையின் முன்னால் அவரை எழுத்தறியாதவராக ஆக்கிவிட்டார்கள்.

பதினான்கு மாதம் அலைந்தார். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம், தோட்டக் கந்தோர்க் கடிதம், மறுபடியும் முதலிலிருந்து. போன ஒவ்வொரு நாளும் வேலை போச்சு. நம் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கும் "பேர்" என்றுதான் பெயர். பெயரைத் திருத்தப் போய் அந்தத் தாய் எத்தனை பேரை இழந்தார் என்று கணக்குப் பாருங்கள். இடையில் மகள் கல்யாணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கினார். மொழி உரிமை என்பது மேடைப் பேச்சு இல்லை, தோழர்களே. அந்த வட்டிதான் மொழி உரிமை இல்லாததன் விலை.

சட்டம் சொல்வதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிருவாக மொழியாக இருக்கிற இடத்திலும்கூட அரச உத்தியோகத்தரோடு தமிழில் கருமம் ஆற்றவும், தமிழில் பதில் பெறவும், பதிவேட்டின் பிரதியைத் தமிழில் அல்லது தமிழ் மொழிபெயர்ப்போடு பெறவும் நமக்கு உரிமை உண்டு. அது நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் மட்டுமல்ல. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை, காலி, மாத்தறைத் தோட்டங்களில் இருக்கிற நம் சொந்தக்காரருக்கும் உண்டு. 12 ஆம் உறுப்புரை மொழி காரணமாகவோ பிறந்த இடம் காரணமாகவோ பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. முறையிடுவதற்கு 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது கொஞ்சம் கசக்கும். நம்மைக் "கள்ளத்தோணி" என்று சொன்னவர்களை நாம் மறக்கவில்லை. "தோட்டக்காட்டான்" என்று தமிழிலேயே சொன்னவர்களையும் மறக்கவில்லை. ஆனால் நம் லயத்துக்குள் நாம் என்ன செய்தோம்? நம்மோடு வந்தவர்களில் வீட்டிலே தெலுங்கு பேசிய குடும்பங்களும் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் பீலிக்கரைக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டார்கள். தெலுங்கு பேசினால் சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் தண்ணீர் எடுக்கிற இடத்தில்கூட ஒதுக்குவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது வெள்ளைக்காரத் துரையும் இல்லை, கொழும்பு அரசாங்கமும் இல்லை. நாம்தான். இன்று அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு ஒரு தெலுங்குச் சொல்கூடத் தெரியாது. நமக்கு நடந்ததை நாம் இன்னொருவருக்குச் செய்திருக்கிறோம். நம் மொழிக்கு நியாயம் கேட்கிற வாய் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தெலுங்கு தெரிந்த பெரியவர்கள் யாராவது இந்தத் தோட்டத்தில் இன்னும் இருந்தால், பிள்ளைகளை அனுப்புகிறோம். நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் கேட்டு எழுதட்டும்.

அதே போல, சிங்களம் படிப்பதைத் தோல்வி என்று யாரும் நினைக்கக்கூடாது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தொழிலாளியும் அதே கடையில்தான் அரிசி வாங்குகிறான். அவனோடு அவன் மொழியில் பேசினால் சங்கம் பெரிதாகும். அவனுடைய பிள்ளை தமிழ் படித்தால் நாளைக்குக் கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்து நம் பெயரைச் சரியாக எழுதும். இரண்டு மொழி தெரிந்த பிள்ளையை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் நாம் சிங்களம் படித்துவிட்டோம் என்பதற்காக, தமிழில் சேவை தரும் கடமையிலிருந்து அரசு விலகிக்கொள்ள முடியாது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டிய வேலை. ஒன்று, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, செக்ரோல் பெயர், சேமலாப நிதிப் பெயர் இவற்றை ஐம்பது வயதில் அல்ல, இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு, பிறக்கிற பிள்ளையின் பெயரைத் தமிழில் ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போய்ப் பதிவாளரிடம் கொடுங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள். மூன்று, வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். "தமிழில் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். இல்லையென்றால் திகதி, இடம், நடந்தது மூன்றையும் எழுதிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுவது எங்கள் பொறுப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு இதே மண்டபத்தில் ஆசிரியர்களும் படித்த வாலிபர்களும் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பத்திரங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக அந்தத் தரம் 7 பிள்ளைக்குப் பதில். ஆமாம் மகள், நாம் வந்தவர்கள்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்தத் தீவில் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு தோணியில் வந்தவர்கள்தான். முன்னால் வந்தவனுக்கு ஒரு சட்டம், பின்னால் வந்தவனுக்கு ஒரு சட்டம் என்று இருக்க முடியாது. இருநூறு வருடமாக இந்த மலையில் நம்மவரைப் புதைத்திருக்கிறோம். நீ இங்கே பிறந்தவள். உன் பெயரை உன் மொழியில் சரியாக எழுதி வாங்குவது உன் உரிமை. அந்தத் தாயின் பணம் போன மாதம் வந்துவிட்டது என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் அவரோடு கூடப் போனோம். அவர் தமிழில் பேசினார், தமிழில் எழுதிக் கொடுத்தார், தமிழில் கையெழுத்து வைத்தார்.